இடது பக்கத்திலிருந்து வந்த பந்துகள்

போன கிழமை பயிற்சி முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஆட்டங்களைக் கணக்கெடுக்கும் இந்த வேலையில் மிகக் கஷ்டமானது எது என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். பந்து யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதைப் பிழையில்லாமல் பதிவதைத்தான் நான் சொல்வேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அது பழகினால் வந்துவிடும். எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. கேள்வி கேட்பவர் பதிலையும் தானே முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்தும்படி ஒரு கணக்கு மட்டும் வேண்டுமென்று நம் முன்னால் வந்து உட்காரும் நேரம்தான் அது. அன்றைக்கு அவரிடம் சுருக்கமாக ஏதோ சொல்லிச் சமாளித்தேன். முழுவதையும் இப்போது சொல்கிறேன்.

என்னை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் நாவலப்பிட்டி ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். கண்டியில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். அண்ணன்மார் இருவரும் உதைபந்து ஆடினார்கள். அதனால் மைதானத்து ஓரம் எனக்குப் புதிய இடம் அல்ல. கண்டியில் ஓர் உதைபந்துக் கழகத்துக்குச் செயலாளராக இருந்த சண்முகநாதன், என் மாணவி ஒருத்தியின் தகப்பன். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த மனிதர் மகளின் புள்ளிகளை விட்டுவிட்டு, தன் அணி இரண்டாம் பாதியில் மட்டும் ஏன் சோர்ந்து போகிறது என்று என்னிடம் புலம்பினார். கணக்கெடுத்துப் பார்க்கலாமே என்றேன். அந்த ஒரு சொல்லால் சனிக்கிழமைகள் எல்லாம் பல வருடங்களுக்கு என் கையை விட்டுப் போயின.

அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த வசதி உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். கழகத்துக்குப் படம் பிடித்தவர் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவர். மணப்பெண்ணைப் பின்தொடர்வது போலப் பந்தைப் பின்தொடர்வார். கோல் விழுந்தால் ஆட்டக்காரரின் முகத்துக்குக் கிட்டப் போய்விடுவார். யார் எங்கே நின்றார்கள் என்று தெரியாது. யார் அழுதார்கள் என்று தெரியும். ஆகவே படத்தை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்வையாளர் படிகளில் மேலே உட்கார்ந்து நானே குறித்துக்கொள்வேன்.

எங்கள் அணியின் கோல் காப்பாளர் ரிஸ்வான். கலகெதரக்காரர். உயரம் அதிகமில்லை, ஆனால் பந்து காற்றில் இருக்கும்போதே ஓடிப்போய்ப் பிடித்துவிடுவார். சண்முகநாதன் கண்டியில் ஹாட்வெயார் கடை வைத்திருந்தார். அந்தக் கடையின் லொறியை ஓட்டுவதும் ரிஸ்வான்தான். சீமெந்தும் தகரமும் ஏற்றிக்கொண்டு புசல்லாவை வரைக்கும் போவார், சனிக்கிழமை வந்து கோல் கம்பத்துக்கு நடுவே நிற்பார்.

அந்த வருடம் ஒரு பெரிய போட்டியின் அரையிறுதிக்கு வந்தோம். எதிரணி குருநாகலைச் சேர்ந்தது. ஆட்டம் எங்கள் மைதானத்தில். இடைவேளை வரை நாங்கள் முன்னால் இருந்தோம். இரண்டாம் பாதியில் இரண்டு பந்துகள், இரண்டும் உயரமாக, இரண்டும் ரிஸ்வானின் இடது பக்கத்திலிருந்து வந்தன. முதலாவதுக்கு அவர் அசையவே இல்லை. இரண்டாவதுக்குக் கையை நீட்டினார். பந்து கைக்கு அப்பால் போனது. தோற்றுவிட்டோம்.

திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் சண்முகநாதன் என் வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"டீச்சர், ரிஸ்வான் ஆட்டத்த வித்துட்டான்."

"யார் சொன்னாங்க?"

"ஊரே சொல்லுது. போன வாரம் குருநாகல் டவுன்ல அவன் ஒரு வேன்ல இருந்து இறங்குனத நம்ம ஆளு ஒருத்தர் பாத்திருக்காரு. அந்த வேன் யாருதுன்னு நெனைக்கிறீங்க? எதிர் டீமோட ஆளுதான். நம்மகிட்ட சொன்னது, உடம்பு சரியில்ல, லீவு வேணும்னு."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"வர்ற ஞாயித்துக்கெழம கமிட்டி கூடுது. நீங்க புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேணாம். அந்த ரெண்டு கோலையும் எடுத்து, இவன் வழக்கமா ஆடுற ஆட்டம் இது இல்லன்னு எழுதிக் குடுங்க. அது போதும். மத்தத நாங்க பாத்துக்குறோம்."

மற்றது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கழகத்திலிருந்து நீக்கி, மாவட்டச் சங்கத்துக்கும் எழுதுவார்கள். அதன் பிறகு ரிஸ்வானை எந்த அணியும் சேர்க்காது. கடை வேலையும் போகும். அணியில் சிங்களப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வேனில் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மேல் விழும் பழி அவரோடு நிற்காது, அவருடைய இனத்தின் மேலும் படரும் என்பதையும் கண்டியில் வாழ்கிற யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பாத்துட்டுச் சொல்றேன். ஆனா எனக்குத் தெரியுறதத்தான் எழுதுவேன்," என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

முதலில் செய்யக் கூடாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த இரண்டு கோல்களை மட்டும் எடுத்துப் பார்ப்பது. உதைபந்தில் கோல் என்பது மிக அரிதாக நடப்பது. இரண்டை வைத்து எவரையும் கள்ளனாக்கலாம், எவரையும் மகானாக்கலாம். ஆகவே கோல் ஆகாத பந்துகளையும் எடுத்தேன். அந்த வருடம் முழுவதும் பக்கவாட்டிலிருந்து உயரமாக வந்த எல்லாப் பந்துகளுக்கும் ரிஸ்வான் என்ன செய்தார்? முன்னால் வந்து பிடித்தாரா, கோட்டிலேயே நின்றாரா?

பதில் சண்முகநாதன் எதிர்பார்த்ததை விட மோசமாக இருந்தது. அரையிறுதி ஒரு விதிவிலக்கே அல்ல. இடது பக்கத்திலிருந்து வந்த பந்துகளுக்கு முன்னால் வருவதை அவர் எப்போதோ நிறுத்தியிருந்தார். எங்கள் பின்வரிசை ஆட்டக்காரர்கள் தலையால் தட்டிக் காப்பாற்றியதால் அது கோலாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். எப்போதிலிருந்து என்று பின்னோக்கித் தேடினேன். புசல்லாவையில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடி வந்திருக்கிறார். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல, இடது பக்கம் மட்டும் வரவில்லை.

புசல்லாவை ஆட்டம் எனக்கு நினைவிருந்தது. எதிரணிக்காரர் ஒருவரின் முழங்கால் ரிஸ்வானின் முகத்தில் பட்டு, கண் வீங்கி மூடிப்போயிருந்தது. ஒரு கிழமை அந்தக் கண்ணோடு லொறி ஓட்டியதைச் சொல்லிப் பையன்கள் சிரிப்பார்கள்.

எங்கள் பயிற்றுநரிடம் போனேன். சிங்களவர், அமைதியான மனிதர். ரிஸ்வான் பணம் வாங்கினார் என்பதை அவர் ஒரு நிமிடமும் நம்பவில்லை. என் கணக்கைப் பார்த்துவிட்டு, "இது பயம் மிஸ். முகத்தில் அடி பட்டவனுக்கு அது வரும். எனக்கும் வந்திருக்கிறது," என்று சிங்களத்தில் சொன்னார்.

நியாயமான விளக்கம்தான். ஆனால் பயந்தவர் இரண்டு பக்கமும் பயப்பட வேண்டுமல்லவா? வலது பக்கத்திலிருந்து வரும் பந்துக்கு இந்த மனிதர் இன்னும் மூன்று பேருக்கு நடுவே பாய்ந்து விழுகிறார். விற்றவர் என்றால் அந்த ஓர் ஆட்டம் மட்டும் கெட்டிருக்க வேண்டும். இவருடைய ஆட்டமோ மாதக்கணக்காக, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்துகொண்டு வந்திருக்கிறது. இரண்டு விளக்கங்களும் பொருந்தவில்லை. மூன்றாவது என்ன என்று கணக்கு சொல்லவில்லை.

அதைச் சொன்னது கல்யாண வீடியோக்காரர். அரையிறுதிப் படத்தில் ஓரிடத்தில் ரிஸ்வானின் இடது பக்கத்தில் எதிரணிக்குக் கோர்னர் உதை கிடைக்கிறது. பந்து வைக்கப்படும் வரை காட்ட எதுவும் இல்லாததால், அவர் வழக்கம்போல ஒரு முகத்துக்குக் கிட்டப் போகிறார். ரிஸ்வானின் முகம். ரிஸ்வான் தலையை முழுதாக இடது பக்கம் திருப்பி, வலது கண்ணால் கோர்னர் மூலையைப் பார்க்கிறார். கோழி ஒன்று தரையில் கிடக்கும் தானியத்தைப் பார்ப்பது போல. மாலை வெயில் நேராக அடிக்கிறது. இடது கண்ணைச் சுருக்கி மூடிக்கொள்கிறார்.

நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். பிறகு எழுந்து ஜன்னலைத் திறந்து வைத்தேன். என் மனதில் வந்தது உதைபந்து அல்ல. சீமெந்து ஏற்றிய லொறி.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் ஊகித்தது சரியாக இருந்தால், ரிஸ்வான் விற்கவில்லை என்பதை நிரூபிக்கிற அதே விடயம் அவருடைய வேலையைப் பறித்துவிடும். அதை அவரைக் கேட்காமல் கமிட்டியிடம் கொண்டுபோய் வைக்க எனக்கு உரிமை இல்லை. கேட்காமல் மறைக்கவும் உரிமை இல்லை. ஏனென்றால் அந்த லொறி ஓடும் வீதிகளில் பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்து போகிறார்கள். மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கலகெதர பஸ்ஸில் ஏறினேன்.

அன்று ரிஸ்வானும் வேலைக்குப் போகவில்லை. பழியைக் கேள்விப்பட்டு வீட்டில் இருந்தார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரத்திலேயே நின்றார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"ரிஸ்வான், இடது கண்ணுல பார்வ எப்படி இருக்கு?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சருக்கு யாரு சொன்ன?"

"யாரும் சொல்லல. நீங்க பந்தப் பாக்குற விதத்துல தெரிஞ்சுது."

இடது கண்ணைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வெள்ளப் பனி மாதிரி ஈக்கு, டீச்சர். அந்த அடிக்குப் பொறகுதான். மொதல்ல கொஞ்சம். இப்ப வெயில் பட்டா ஒன்டும் தெரியல்ல. பந்து கிட்டயா தூரமா என்டு புடிபடுதில்ல."

"டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?"

"கண்டியில காட்டினா கடைக்குத் தெரிஞ்சிடும் என்டு குருநாகலுக்குப் போன. இவட நானாதான் வேன்ல கூட்டிக்கிட்டுப் போனார்." மனைவியைக் காட்டினார். மனைவியின் அண்ணன் குருநாகலில் இருப்பவர், எதிரணியின் ஆதரவாளர். ஊர் பார்த்த வேன் அதுதான். "கண்ணுக்குள்ள புரை விழுந்திருக்காம். ஒப்பரேஷன் செய்யோணும் என்டு சொன்னாங்க."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா லொறி போயிடும். கோல் கம்பமும் போயிடும். என்கிட்ட வேற என்ன ஈக்கு?"

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"இந்தக் கண்ணோட புசல்லாவ ரோட்டுல ஓட்டுறீங்களா?"

"மெல்லத்தான் ஓட்டுற."

கதவோரத்தில் நின்ற மனைவி முதன்முறையாகப் பேசினார். "நானும் தெனம் அதத்தான் கேக்குற, டீச்சர். வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு நிம்மதி இல்ல."

நான் ரிஸ்வானிடம் இரண்டு விடயங்களைப் பிரித்துச் சொன்னேன். கண்ணைப் பற்றிக் கமிட்டியிடம் சொல்வது உங்கள் வேலை, அதற்கு ஞாயிற்றுக்கிழமை வரை நான் காத்திருப்பேன். லொறி காத்திருக்காது. நாளைக்கே சாவியைக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் நானே முதலாளியிடம் சொல்லுவேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையை மட்டும் அசைத்தார். யாராவது ஒருவர் அதைச் சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தது போல எனக்குப் பட்டது.

அந்தக் கிழமைதான் என் வேலையிலேயே நீளமான கிழமை. ரிஸ்வான் காரணம் சொல்லாமல் சாவியைக் கடையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். சண்முகநாதன் உடனே எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பாத்தீங்களா டீச்சர்? சாவியக் குடுத்துட்டு ஓடிட்டான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அந்த நிமிடமே அவர் வாயை அடைக்கலாம். "ஞாயித்துக்கெழம பேசுவோம்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பயிற்றுநரிடம்கூடச் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காக அது நம்முடைய சொத்தாகிவிடாது. இதை நீங்கள் நினைவில் வைத்திருந்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் கணினி உங்களுக்குச் செய்து தரும்.

ஞாயிறு பின்னேரம் கடைக்கு மேலே இருந்த அறையில் கமிட்டி கூடியது. ரிஸ்வானைக் காணவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மரம் விழுந்து பஸ்கள் நிற்கின்றன என்று யாரோ சொன்னார்கள். "அவனா வரப்போறான்?" என்றார் இன்னொருவர். என்னைத் தொடங்கச் சொன்னார்கள்.

நான் தெரிந்ததைச் சொன்னேன். இடது பக்கத்து உயரப் பந்துகளில் ரிஸ்வானின் ஆட்டம் விழுந்திருக்கிறது. அது அரையிறுதியில் தொடங்கவில்லை, புசல்லாவை ஆட்டத்துக்குப் பிறகு தொடங்கியது. வலது பக்கத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஓர் ஆட்டத்தை விற்றவருடைய கணக்கு இப்படி இருக்காது என்பது என் அபிப்பிராயம்.

"அபிப்பிராயம் இருக்கட்டும்," என்றார் சண்முகநாதன். "வித்தானா இல்லையா? ஒரு வார்த்தையில சொல்லுங்க."

"அத என் கணக்கு சொல்லாது. பந்து எங்க போச்சு, அவரு எங்க நின்னாரு, அவ்வளவுதான் அதுல இருக்கு. அவரு மனசுல என்ன இருந்துச்சுன்னு அதுல இல்ல."

"அப்ப எதுக்கு டீச்சர் இந்தக் கணக்கு?"

"நீங்க கேட்டத எழுதிக் குடுக்கிறதுக்கு இல்ல, சார்."

பயிற்றுநர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ரிஸ்வானை நீக்கக் கை தூக்கச் சொல்லியிருப்பார்கள். அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. ரிஸ்வான் மழையில் நனைந்து வந்து வாசலில் நின்றார். கட்டுகஸ்தோட்டையிலிருந்து நடந்தே வந்திருந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னார்.

"மொதலாளி, எனக்கு இடது கண்ணு தெரியல்ல. குருநாகலுக்குப் போன, கண் டாக்டர்கிட்ட. துண்டு கொண்டுவந்தீக்கேன். உங்களுக்குச் சொல்லாம லொறி ஓட்டினது என்ட பிழ. ஆட்டத்த விக்கல்ல."

மருத்துவர் எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதத்தை மேசையில் வைத்தார். அதை யாரும் கையில் எடுக்கவில்லை. சண்முகநாதன் எழுந்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

"இந்தக் கண்ண வச்சுக்கிட்டா புசல்லாவ இறக்கத்துல என் லொறிய ஓட்டுன? யாராவது செத்திருந்தா?"

சண்முகநாதன் ஜன்னலருகே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து, திரும்பாமலே, "உக்காரு," என்றார்.

மாவட்டச் சங்கத்துக்கு எதுவும் எழுதப்படவில்லை. லொறிக்கு வேறு ஆள் வந்தார். ரிஸ்வான் கடையின் பின்பக்கத்துக் களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டார். சில மாதங்களில் கண்டி பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேஷன் நடந்தது. பார்வை வந்தது, ஆனால் பழைய பார்வை அல்ல. அணியில் வேறொருவர் நிரந்தரமாகக் கோல் காத்தார். சினேகபூர்வ ஆட்டங்களில் மட்டும் ரிஸ்வானுக்கு இடம் கிடைத்தது. சண்முகநாதன் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியாது. அப்படிக் கேட்கிற மனிதரும் அல்ல.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கக் கூடாது. ஒரு முறை ஊருக்குள் விட்ட சொல்லை யாரும் போய்ப் பொறுக்கி எடுக்க முடியாது. கமிட்டி அறையில் இருந்தவர்களுக்கு உண்மை தெரியும். கடைத்தெருவுக்கு வதந்திதான் தெரியும். அதனால்தான் எழுதுவதற்கு முன்னால் யோசியுங்கள் என்று உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நீங்கள் எழுதிய ஒரு வரி வெளியே போனால், அதற்கு நீங்கள் போட்ட நிபந்தனைகள் எல்லாம் உதிர்ந்து, பெயர் மட்டும் மிஞ்சும்.

அடுத்த வருடம் நாவலப்பிட்டியில் ஒரு சினேகபூர்வ ஆட்டம். ஒப்பரேஷனுக்குப் பிறகு ரிஸ்வான் இறங்கிய முதல் ஆட்டங்களில் ஒன்று. இரண்டாம் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. கோல் கம்பத்துக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் குடையோடு நின்றுகொண்டு, "எவ்வளவுக்கு வித்த?" என்று கத்தத் தொடங்கினார்கள். ரிஸ்வான் ஒவ்வொரு முறை பந்தைத் தொடும்போதும் அதே கேள்வி. மேலே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சண்முகநாதன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து படியிறங்கினார். குடையை எடுக்க மறந்துவிட்டார்.

மைதானத்தைச் சுற்றி, சேற்றில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போவது எனக்குத் தெரிந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால் போய், அந்த ஆட்களுக்கும் ரிஸ்வானுக்கும் நடுவே நின்றார். அவர் சொன்னது அன்று அங்கே நின்ற ஒருவர் மூலம் பிறகு எனக்குத் தெரிய வந்தது.

"அவன் என் கடை ஆளு. ஏதாவது கேக்கணும்னா என்கிட்டக் கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. அவரும் நகரவில்லை. கொட்டுகிற மழையில், தலை வழியாகத் தண்ணீர் ஓட, ஆட்டம் முடியும் வரை அங்கேயே நின்றார். ரிஸ்வான் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. இடது பக்கத்திலிருந்து பந்து ஒன்று உயரமாக வந்துகொண்டிருந்தது. அவர் கோல் கோட்டிலிருந்து பந்தை நோக்கி ஓடினார்.